மலையை ஒட்டிப் பறந்தவர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். "டீச்சர், சுருக்கமா சொல்லுங்களேன்" என்று கேட்கிற பழைய பழக்கம் இங்கே செல்லாது. பீரியட் முடிந்து மணி அடிக்க இங்கே யாரும் இல்லை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாகச் சண்டை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் பேத்தி ஹிமாச்சலில் உள்ள பீர் பில்லிங் போகிறாளாம், பாராகிளைடரில் பறக்கப் போகிறாளாம். அவள் அம்மா வேண்டாம் என்கிறாள். மாமா, "இந்தக் காலத்துப் பிள்ளைகளை யார் தடுக்க முடியும்" என்கிறார். கடைசியில் "அத்தைப் பாட்டி, நீங்க சொல்லுங்க" என்று பந்து என் பக்கம் வந்தது. போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை. சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டால் சரித்திரம்தான் கிடைக்கும். மலைச்சரிவை ஒட்டி, எஞ்சின் இல்லாமல், காற்றை மட்டும் நம்பிப் பறந்தவர்களின் கதை இது. குழுவில் போட்டால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள் என்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பருந்தைப் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று திருச்சியில் என்ன ஆட்டம் ஆடும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் காற்று சமவெளியில் தடையில்லாமல் ஓடிவந்து 83 மீட்டர் உயர மலைக்கோட்டைப் பாறையில் மோதுகிறது. பாறைக்குள் புக முடியாது, பூமிக்குள்ளும் போக முடியாது. ஆகவே மேலே ஏறுகிறது. பருந்து அந்த ஏறுகாற்றில் இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். ஒரு முறைகூட அடிக்காது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். 236 அடி உயரமுள்ள அந்தக் கோபுரமும் காற்றுக்கு ஒரு குட்டி மலைதான்.

கிளைடர் செய்வதும் இதையேதான். எஞ்சின் இல்லாத விமானம் எப்போதும் மெல்லக் கீழே சறுக்கிக்கொண்டே இருக்கும். நல்ல கிளைடர் அமைதியான காற்றில் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இறங்கும். அதைச் சுற்றியுள்ள காற்று நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தால் கிளைடர் இறங்கிக்கொண்டே ஏறும். மேலே போகிற எஸ்கலேட்டரில் நின்றுகொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிற குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டர் நிற்காதவரை குழந்தை மேலேதான் போகும்.

ஒன்பதாம் வகுப்பில் நான் பலகையில் வரைந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் படம் யாருக்காவது நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் காற்று மோதும் பக்கம், மறுபக்கம் காற்று மறைவுப் பக்கம். மழைக்காகச் சொன்ன அந்தப் பாடம் பறப்பதற்கும் அப்படியே பொருந்தும். மோதும் பக்கத்தில் காற்று ஏறும். முகட்டைத் தாண்டியதும் மறைவுப் பக்கத்தில் அருவி விழுவதுபோல் விழும், சுழலும். இரண்டுக்கும் நடுவே இருப்பது முகட்டின் கோடு மட்டும்தான். அதற்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் ஆபத்து.

இதை மனிதன் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலைதான் இனி வரும் கதை.

ஓட்டோ லிலியந்தால் ஜெர்மானியப் பொறியாளர். 1848-இல் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே நாரைகள் பறப்பதைப் பார்த்துப் பார்த்து, 1889-இல் பறவைகளின் பறத்தலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1891-இலிருந்து தானே செய்த இறக்கைகளைக் கட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து குதிக்க ஆரம்பித்தார். சரியான குன்று கிடைக்காததால் 1894-இல் பெர்லினுக்குப் பக்கத்தில் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிச் சொந்தமாகவே ஒரு குன்று எழுப்பிக்கொண்டார். நம் மலைக்கோட்டையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. சுமார் 2000 முறை பறந்திருக்கிறார். 1896 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ரினோவ் பகுதியின் கொல்லன்பெர்க் குன்றிலிருந்து பறந்தபோது திடீரென்று ஒரு காற்று வந்து கிளைடரின் மூக்கைத் தூக்கிவிட்டது. வேகம் போனது, தாங்குசக்தியும் போனது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார்.

இரண்டாயிரம் முறை சரியாகப் பறந்தவர் என்பதைக் கவனியுங்கள். அனுபவம் இல்லாததால் விழவில்லை. உடம்பை முன்னும் பின்னும் ஆட்டித்தான் அவர் கிளைடரைத் திருப்புவார். வேறு சுக்கான் கிடையாது. அன்றைக்கு வந்த காற்று அந்த உடம்பு ஆட்டத்தைவிடப் பலமாக இருந்தது. இந்தச் செய்தி அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்களை யோசிக்க வைத்தது. பறப்பதைவிடப் பறக்கும்போது கட்டுப்படுத்துவதுதான் பெரிய பிரச்சினை என்று ரைட் சகோதரர்கள் புரிந்துகொண்டது லிலியந்தாலின் மரணத்திலிருந்துதான். அவர்களின் 1903 விமானம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு, 1911 அக்டோபர் 24-ஆம் தேதி, ஆர்வில் ரைட் மறுபடி எஞ்சின் இல்லாத கிளைடரில் ஏறி, கில் டெவில் மணல்மேட்டில் மோதி ஏறிய பலத்த கடற்காற்றில் 9 நிமிடம் 45 நொடி நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கணக்கைப் பத்து ஆண்டுகள் யாரும் தாண்டவில்லை.

பத்து ஆண்டு கழித்துத் தாண்டியது ஜெர்மானியர்கள். அதற்குக் காரணம் ஒரு ஒப்பந்தம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு வெர்சாய் ஒப்பந்தம் விமானப் படையைத் தடை செய்தது. எஞ்சின் விமானங்கள் கட்டுவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. ஒப்பந்தத்தின் விளைவுகள் என்று பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதி எழுதிக் கை வலித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். பாடநூலில் வராத விளைவு இது: எஞ்சின் இல்லாதவற்றைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பறக்கும் ஆசை அடங்காத மாணவர்களும் பழைய போர் விமானிகளும் ரோன் மலைத்தொடரில் 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பே என்ற மொட்டை மலையில் கூடினார்கள். 1920-இல் ஒஸ்கார் உர்சினுஸ் என்ற பத்திரிகையாசிரியர் அங்கே முதல் கிளைடர் போட்டியை நடத்தினார். அந்த முதல் போட்டியிலேயே ஒருவர் விழுந்து இறந்தார்.

கிளைடரை எப்படிக் கிளப்புவார்கள் என்று கேளுங்கள், நமக்குப் பிடிக்கும். நம் சித்திரைத் தேரின் வடம்போல, ஆனால் ரப்பரில், ஒரு நீண்ட கயிறு. நடுப்பகுதி கிளைடரின் மூக்கில் மாட்டியிருக்கும். இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசை ஆட்கள் சரிவில் கீழ்நோக்கி நிற்பார்கள். வாலைச் சிலர் பிடித்துக்கொள்வார்கள். "இழு" என்றால் நடப்பார்கள். "ஓடு" என்றால் ஓடுவார்கள். "விடு" என்றதும் வாலை விட்டுவிட, கவண்கல் மாதிரி கிளைடர் சரிவுக்கு வெளியே பாயும். பாய்ந்த அடுத்த நொடியே விமானி காற்றோடு தனியாள்.

1921 செப்டம்பர் 13-ஆம் தேதி பிரெட்ரிக் ஹார்ட் என்பவர் ரோன் மலையில் 21 நிமிடம் பறந்து ஆர்வில் ரைட்டின் கணக்கை முறியடித்தார். அந்தப் பறத்தலின் முடிவில் விழுந்து தலையில் பலத்த காயம். அவருக்குக் கிளைடர் கட்ட உதவிய இளைஞர்தான் பிற்காலத்தில் இரண்டாம் உலகப் போரின் போர் விமானங்களுக்குப் பெயர் கொடுத்த வில்லி மெஸ்ஸர்ஷ்மிட். மறு ஆண்டு, 1922 ஆகஸ்டில், ஹனோவர் மாணவர்கள் கட்டிய வாம்பிர் என்ற கிளைடரில் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்தைத் தாண்டினார். சில நாட்களுக்குள் ஹென்ட்ஸன் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். அதே அக்டோபரில் இங்கிலாந்தின் இட்ஃபோர்ட் குன்றில் டெய்லி மெயில் பத்திரிகை வைத்த 1000 பவுன் பரிசை, 3 மணி 21 நிமிடம் பறந்து, பிரெஞ்சுக்காரர் மானெரோல் தட்டிச் சென்றார். அடுத்த ஆண்டு அவரும் விபத்தில் இறந்தார். 1923-இல் வாசர்குப்பேயில் இறந்த விமானிகளுக்காக ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள், பாறைமேல் வெண்கலக் கழுகு. இன்றும் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. காரணம் உங்களுக்கே தெரியும், அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கிழக்குப் பிரஷ்யாவின் ஒரு கிராமத்தில் பாடம் நடத்திய ஃபெர்டினாண்ட் ஷூல்ஸ். போரில் விமானம் ஓட்டியவர். சம்பளத்தில் கிளைடர் வாங்க வழியில்லை, ஆகவே கையில் கிடைத்த மரத்தையும் மலிவுத் துணியையும் வைத்துத் தானே கட்டினார். சட்டங்களில் துடைப்பக் கழிகளைப் பயன்படுத்தியிருந்ததால் ஊரார் அதற்குத் துடைப்பக்கட்டைப் பெட்டி என்றே பெயர் வைத்தார்கள். ரோன் போட்டிக்குக் கொண்டுபோனபோது பரிசோதகர்கள் பார்த்துவிட்டு, இது பறக்கத் தகுதியில்லாதது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பரிசோதகர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வாத்தியார் ஊர் திரும்பி, பால்டிக் கடலோரத்தில் ரோஸிட்டன் என்ற இடத்து மணல்மேடுகளுக்குப் போனார். பறவைகளுக்கு வளையம் மாட்டி வலசையை ஆராய்கிற நிலையம் 1901-இலிருந்தே அங்கே இருந்தது. பறவை போகிற இடத்துக்கே மனிதனும் போனான் பாருங்கள். கடலிலிருந்து நேரே வரும் காற்று மணல்மேட்டில் மோதி ஏறும். 1924 மே 11-ஆம் தேதி, அதே துடைப்பக்கட்டைப் பெட்டியில், மேட்டின் முகட்டை ஒட்டிப் போவதும் வருவதுமாக 8 மணி 42 நிமிடம் பறந்து உலக சாதனை செய்தார். 1927-இல் 14 மணி நேரத்தையும் தாண்டினார். 1929-இல் ஸ்டூம் என்ற ஊரில் ஒரு விழாவின்போது எஞ்சின் விமான விபத்தில் இறந்தார். துடைப்பக் கழி காப்பாற்றியது, எஞ்சின் காப்பாற்றவில்லை.

இப்போது, மலையை ஒட்டிப் பறப்பதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். சிறிது கணக்கு உண்டு, பயப்படாதீர்கள்.

ஏறுகாற்று மிகப் பலமாக இருப்பது சரிவுக்கு மிக அருகில். ஆகவே உயரம் குறையக் குறைய விமானி மலையை இன்னும் நெருங்குவார். உயிர் காக்கும் இடமும் உயிர் எடுக்கும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் இந்த விளையாட்டின் அடிப்படைச் சிக்கல். மற்ற ஆபத்துகள் எல்லாம் இதன் கிளைகள்.

கிளைடர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் மலையை நோக்கி வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானி பருந்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு முழு வட்டம் போடுகிறார், இருபது நொடி ஆகிறது. அந்த இருபது நொடியில் காற்று அந்த வட்டத்தையே 160 மீட்டருக்கு மேல் மலைப்பக்கம் தள்ளிவிடும். இரண்டு மலைக்கோட்டை உயரத்துக்குச் சமமான தூரம். அவர் சரிவிலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருந்திருந்தால் வட்டம் முடிவதற்குள் மலை வந்துவிடும். ஆகவே பயிற்சியில் சொல்லித்தருகிற முதல் கட்டளை, மலைப்பக்கம் திரும்பாதே. எப்போதும் மலைக்கு முதுகு காட்டித்தான் திரும்ப வேண்டும். முழு வட்டம் கூடாது, சரிவுக்கு இணையாக நீட்டிப் போட்ட எட்டு போல் போய்வர வேண்டும்.

அடுத்தது கண் செய்யும் துரோகம். காற்றோடு சேர்ந்து போகும்போது 80-உம் 30-உம் சேர்ந்து தரைக்கு 110 கிலோமீட்டர் வேகம். பக்கத்திலேயே மரங்களும் பாறைகளும் விர்ரென்று பின்னால் ஓடும். ஐயோ, அதிவேகமாகப் போகிறோமே என்று கை தானாகவே கட்டையைப் பின்னால் இழுக்கும். மூக்கு தூக்கும், வேகம் குறையும். ஆனால் இறக்கைக்குத் தெரிந்தது காற்றுக்கு எதிரான வேகம் மட்டும். தரை வேகத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. காற்று வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இறக்கை தாங்குவதை நிறுத்திவிடும், லிலியந்தாலுக்கு நடந்ததுபோல. சமவெளியில் ஆயிரம் அடி உயரத்தில் இது நடந்தால் மூக்கைக் கீழே தள்ளி மீண்டுவிடலாம். மலைப்பக்கத்தில் மீள இடம் இல்லை. சரிவான தரையே அடிவானம்போலத் தோன்றி, கிளைடர் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதையும் மறைத்துவிடும். கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போகும்போது, இறக்கமா ஏற்றமா என்று கண்ணுக்குத் தெரியாமல் குழம்பியிருக்கிறீர்களா? அதேதான்.

காற்றும் மலை முழுக்க ஒரே மாதிரி ஏறாது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு வெட்டியிருந்தால் அங்கே ஏற்றம் திடீரென்று காணாமல் போகும். ஒரு துருத்திய பாறைக்குப் பின்னால் குட்டி மறைவுப் பக்கம் ஒளிந்திருக்கும். காற்றின் திசை இருபது முப்பது பாகை மாறினால் போதும், காலையில் தூக்கிய சரிவு மாலையில் அமுக்கும். பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கம்பிகள் பறப்பவர் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும், அதுவும் தெரிந்தால். காற்றே நின்றுபோனால் இறங்க வயல் வேண்டும். கீழே காடும் பாறையும்தான் இருக்கும்.

எதிரெதிரே இரண்டு கிளைடர்கள் வந்தால் என்ன செய்வது? பொதுவிதி, இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஆனால் ஒருவருக்கு வலப்பக்கம் மலை. அவர் எங்கே ஒதுங்குவார்? ஆகவே மலையை வலப்பக்கம் வைத்திருப்பவருக்கே வழியுரிமை, மற்றவர்தான் வெளியே விலக வேண்டும். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுகிற மரியாதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாராகிளைடருக்கு இவை எல்லாம் உண்டு, கூடவே இன்னும் இரண்டு. அதன் வேகமே மணிக்கு 35, 40 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று அந்த அளவுக்கு வலுத்தால் முன்னே போகாது, அந்தரத்தில் நிற்கும். இன்னும் வலுத்தால் பின்னால் போகும். பின்னால் என்றால் முகட்டைத் தாண்டி, நான் சொன்ன அந்த மறைவுப் பக்கத்துக்கு. அங்கே சுழலும் காற்றில் துணியாலான இறக்கை கசங்கி மடிந்துவிடலாம். மரமோ உலோகமோ அப்படி மடியாது.

எத்தனை பேர் இறந்தாலும் சாதனைக் கணக்கு நிற்கவில்லை. 1931-இல் ஹவாயில் ஒரு அமெரிக்க ராணுவ அதிகாரி 21 மணி நேரத்தைத் தாண்டினார். 1933-இல் கிழக்குப் பிரஷ்யாவில் குர்ட் ஷ்மிட் 36 மணி நேரத்தைத் தாண்டினார். இரவும் பகலும் ஒரே சரிவின் முன்னே, போவதும் வருவதும். இதில் திறமை ஒரு பங்கு, தூக்கத்தை ஜெயிப்பது ஒன்பது பங்கு. போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் இறங்கினார்கள். தெற்குப் பிரான்சில் சாம் ரெமி என்ற ஊர். ஓவியர் வான்கோ 1889-இல் மனநல விடுதியில் தங்கி, சுழலும் நட்சத்திர இரவை வரைந்த ஊர் அதுதான். அந்த ஊரை ஒட்டிய அல்பில் சுண்ணாம்புக் குன்றுகளில் வடக்கிலிருந்து வரும் மிஸ்ட்ரல் காற்று நாள்கணக்கில் மோதிக்கொண்டே இருக்கும். 1952 ஏப்ரலில் ஷார்ல் அட்ஜெர் அங்கே தனியாளாக 56 மணி 15 நிமிடம் பறந்தார். 1954 ஏப்ரலில் பெர்த்ரான் தோவேன், கூஸ்தோன் என்ற இருவர் இரட்டை இருக்கைக் கிளைடரில் 57 மணி நேரத்தைத் தாண்டினார்கள்.

தோவேனுக்கு அது போதவில்லை. அட்ஜெரின் தனியாள் சாதனையையும் எடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் தனியாகக் கிளம்பினார். பகல் போனது, நீண்ட குளிர்கால இரவு வந்தது. மலைமீது மோதி இறந்தார். களைப்பில் கண்ணயர்ந்திருக்க வேண்டும் என்பதே சொல்லப்படும் காரணம். முதல் முறை கூட ஒருவர் இருந்தார், ஒருவர் ஓட்ட மற்றவர் கண்மூட முடிந்தது. இரண்டாம் முறை அந்த இருக்கை இல்லை. காற்று கடைசிவரை அவரைத் தாங்கத்தான் செய்தது.

பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு அதன்பிறகு ஒரு நல்ல காரியம் செய்தது. எவ்வளவு நேரம் பறந்தார் என்ற சாதனையைப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டது. பதிவேட்டில் இடமில்லை என்றதும் உயிரைப் பணயம் வைப்பவர்களும் நின்றார்கள். வெள்ளிப் பட்டயம் வாங்க ஐந்து மணி நேரம் பறக்க வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. சட்டங்களால் ஒன்றும் ஆகாது என்று சலித்துக்கொள்கிற என் மாணவ வழக்கறிஞர்கள் இந்த ஒரு உதாரணத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மறைவுப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கேயும் உயரத்தில் காற்று அலை அலையாக ஏறி இறங்கும் என்று 1933-இல் வோல்ஃப் ஹிர்த் கண்டுபிடித்தார். கற்றவர்கள் அந்த அலையைப் பிடித்து மலையைவிடப் பல மடங்கு உயரம் போகிறார்கள். 2006-இல் அமெரிக்கர் ஸ்டீவ் ஃபாசெட் இன்னொருவரோடு சேர்ந்து ஆண்டிஸ் மலையின் அலைகளில் 50,000 அடிக்கு மேல் கிளைடரில் போனார். அடுத்த ஆண்டே, 2007 செப்டம்பர் 3-ஆம் தேதி, சியரா நெவாடா மலைகளில் சிறிய எஞ்சின் விமானத்தில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. ஓராண்டு கழித்துச் சிதைவுகள் கிடைத்தன. விமானத்தின் சக்தியை மீறிய கீழ்காற்றில் சிக்கியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. அவரை வானுயரத்துக்குத் தூக்கியதும் கீழே அமுக்கியதும் மலைமேல் போகும் அதே காற்றுதான்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, டீச்சர்" என்பீர்கள். சரி, நம் பக்கம் வருவோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கிளைடர் பயிற்சிக்கு மத்திய அரசே முன்வந்தது. புனே ஹடப்சரில் 1950-இல் கிளைடிங் மையம் தொடங்கியது. கிளைடர்களையும் நாமே வடிவமைத்தோம். எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த அசுவினி 1958-இலும் ரோகிணி 1961-இலும் பறந்தன. பிறகு கார்த்திக், மிருகசீர்ஷம் எனப் பஞ்சாங்கத்து நட்சத்திரங்களின் பெயர்கள். மாமிகள் பேரனுக்குப் பெயர் வைப்பதுபோல வைத்திருக்கிறார்கள்! ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்காரலாம். பின்னால் உட்கார்ந்து கத்துவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது நல்லது என்று வாத்தியார் வேலை பார்த்த எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

இப்போது நம் பிள்ளைகள் அதிகம் போவது பாராகிளைடருக்கு. ஏலகிரி, வாகமண், வர்க்கலை, பீர் பில்லிங். வர்க்கலை இந்தப் பாடத்துக்கு மிகச் சரியான இடம். பாபநாசம் கடற்கரையை ஒட்டிச் செம்புறைக் கல் செங்குத்தாக நிற்கிறது. அரபிக்கடல் காற்று அதில் மோதி ஏறுகிறது. ரோஸிட்டன் மணல்மேட்டின் அதே கதை. 2023 மார்ச்சில் அங்கே ஒரு பயிற்றுநரும் கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண் ஒருவரும் பறந்த பாராகிளைடர் கட்டுப்பாடு இழந்து, கடற்கரையில் உள்ள உயர்கோபுர மின்விளக்குக் கம்பத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தரத்தில் தொங்கினார்கள். கீழே தீயணைப்பு வீரர்கள் மெத்தையும் வலையும் விரித்துக் காத்திருக்க, நல்லவேளை, இருவரும் உயிரோடு இறங்கினார்கள். டிவியில் எல்லோரும் பார்த்தோம். கம்பம் வில்லன் இல்லை. சரிவை ஒட்டிப் பறக்கும்போது தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடமே கிடையாது, அவ்வளவுதான்.

பீர் பில்லிங்கில் 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பையே நடந்தது. சுமார் 2400 மீட்டர் உயரத்தில் கிளம்பி ஆயிரம் மீட்டர் கீழே இறங்குவார்கள், பின்னால் தவுலாதார் மலைகள். அழகைப் பற்றிச் சந்தேகமில்லை. விபத்துகளும் உண்டு. 2021 டிசம்பரில் அங்கே ஒரு சிறுவன் இறந்ததை அடுத்து ஹிமாச்சல் உயர் நீதிமன்றம் சாகச விளையாட்டுகளுக்குத் தற்காலிகத் தடை விதித்து, நடத்துபவர்களின் தகுதிகளை ஆராயச் சொன்னது.

போகிறவர்கள் யாராக இருந்தாலும் ஓட்டுபவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. உரிமம் எங்கே, இன்று காற்று எந்தப் பக்கம், எவ்வளவு, எந்த அளவுக்கு மேல் போனால் நிறுத்துவீர்கள், கடைசியாக எப்போது காற்று சரியில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். "நாங்கள் திருப்பி அனுப்பியதே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், பணத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்து டீ குடியுங்கள். "முந்நூறு பேர் போட்ட வீடியோ பார்த்தேன், எல்லோரும் நன்றாகத்தானே இறங்கினார்கள்" என்று பேத்தி குழுவில் எழுதியிருந்தாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆபிரகாம் வால்ட் என்ற கணக்கு மேதையிடம் இருக்கிறது.

வால்ட் 1902-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்த யூதர். ஹிட்லருக்குத் தப்பி 1938-இல் அமெரிக்கா போனவர். உலகப் போரின்போது அவரிடம் ஒரு கேள்வி வந்தது. குண்டடி பட்டுத் திரும்பும் விமானங்களில் எந்த இடத்தில் கவசம் கூட்டலாம்? துளை அதிகம் உள்ள இடத்தில் என்று யாரும் சொல்வோம். 1943-இல் அவர் எழுதிய குறிப்புகளின் சாரம் நேர்மாறானது. நீங்கள் பார்ப்பது திரும்பி வந்தவற்றை மட்டும். துளை இல்லாத இடத்தில் அடிபட்டவை திரும்பவே இல்லை. ஆகவே கவசம் அங்கேதான் வேண்டும்.

அதே வால்ட் 1950-இல் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுகள் நிகழ்த்த மனைவியோடு இங்கே வந்தார். டிசம்பர் 13-ஆம் தேதி அவர்கள் சென்ற ஏர் இந்தியாவின் டிசி-3 விமானம் நீலகிரியில் மலைமேல் மோதியது. கிளைடர் அல்ல, எஞ்சின் உள்ள பயணிகள் விமானம்தான். இருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை. மோதிய இடம் கோத்தகிரி அருகே, ரங்கசாமியின் பெயர் கொண்ட சிகரத்தின் பக்கம். அந்தப் பெயரைப் படித்தபோது ஸ்ரீரங்கத்துக்காரியான எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வராதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் மலையில் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டார்.

புனேயில் இருக்கும் பிள்ளைகள் யாராவது ஹடப்சர் மையத்தில் கிளைடரில் ஏறியிருந்தால், அல்லது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால், கமெண்டில் எழுதுங்கள். 1960-களின் ரோகிணி புகைப்படம் கிடைத்தால் இன்னும் சந்தோஷம். ஏலகிரியில் பறந்தவர்களும் எழுதலாம். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், மறக்காமல்.